மூக்கு சார் எழுதிய இரண்டு நோட்டீஸ்

பயப்படுவதற்கென்றே பிறந்த ஒரு மனிதருக்கு, அடுத்தவர்களைப் பயமுறுத்தும் உத்தியோகம் கிடைத்தால் எப்படி இருக்கும் என்று பார்க்க விரும்புகிறவர்கள் நகராட்சி சுகாதாரப் பிரிவின் இரண்டாம் மாடிக்குப் போகலாம். ஜன்னலிலிருந்து தள்ளிப்போட்ட மூன்றாவது மேசை. ஜன்னலோரம் என்றால் தலை சுற்றும் என்று அவரே தள்ளிப்போட்டுக்கொண்டது.

ஐம்பத்தொரு வயது. நாய், ஏணி, பல் டாக்டர், தெரியாத எண்ணிலிருந்து வரும் போன் ஆகிய அனைத்துக்கும் பாரபட்சமில்லாமல் பயப்படுவார். கல்யாணமான புதிதில், சமையலறை கேஸை மூடியாகிவிட்டதா என்று அவர் மூன்று முறை எழுந்துபோய்ப் பார்த்ததை, பொறுப்பான மனுஷன் என்று அவர் மனைவி தப்பாகப் புரிந்துகொண்டார். விஷயம் தெளிவாவதற்குள் இரண்டு பிள்ளைகள் பிறந்துவிட்டார்கள்.

இப்படிப்பட்டவரைக் கண்டு ஊரில் உள்ள அத்தனை ஹோட்டல், பேக்கரி, கேன்டீன் முதலாளிகளுக்கும் பயம். காரணம் அவருடைய மூக்கு. பதினெட்டு வருடங்களுக்கு முன்பு ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில், நான்கு ஆய்வாளர்கள் போய் 'திருப்தி' என்று எழுதிவிட்டு வந்த இடத்தில், இவர் வாசற்படியில் நின்று கண்ணை மூடி மூன்று முறை மூச்சை இழுத்தார். "வலது பக்கச் சுவர். இடுப்பு உயரம்" என்றார். சுவரை உடைத்தார்கள். உள்ளே எலி ஒன்று குடும்பத்தோடு காலமாகியிருந்தது. அன்றிலிருந்து அவருக்கு மூக்கு சார் என்று பெயர். வீட்டில் வைத்த பெயரைச் சம்பளப் பட்டியல் எழுதுகிறவர் மட்டுமே நினைவில் வைத்திருந்தார்.

அந்த எலிக்குப் பிறகு அலுவலகத்தின் வேலைமுறையே மாறியது. ஆய்வுப் படிவத்தில் முதல் கட்டமாக 'நுழையுமுன் உணர்ந்த வாடை' என்று ஒன்றைச் சேர்த்தார்கள். ஆய்வாளர் வாசற்படியில் நின்று மூன்று மூச்சு இழுத்து அதை நிரப்ப வேண்டும். அதுவரை யாரும் வாய் திறக்கக் கூடாது. அந்தக் கட்டம் காலியாக இருந்தால் மீதிப் படிவம் செல்லாது. பிறகு ஆள் பற்றாக்குறையால் உணவுப் பாதுகாப்பையும் காற்று மாசையும் ஒரே பிரிவாக்கினார்கள். காலையில் மாவு மூட்டையை மோந்து பார்த்த மனிதர் மதியம் புகைபோக்கியை அண்ணாந்து பார்க்கலானார்.

எட்டு மாதத்துக்கு முன்பு அந்த மூக்குக்கு ஐந்து நாள் காய்ச்சல் வந்தது. ஆறாம் நாள் அவர் சமையலறையில் உட்கார்ந்து நிம்மதியாகப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். வெளியே போயிருந்த மனைவி திரும்பி வந்தபோது, அவருக்கு இரண்டடி தூரத்தில் அடுப்பில் இருந்த பால் கரியாகி, பாத்திரமும் பாதி கரியாகி, அறை முழுக்கத் தீய்ந்த நாற்றம்.

"என்னங்க, பால் தீயறது கூடத் தெரியாம என்ன படிக்கிறீங்க?"

அவர் பேப்பரை மடித்தார். மூன்று மூச்சு இழுத்தார். ஒன்றுமே இல்லை. சோப்பை எடுத்து மோந்தார், காப்பித்தூளை மோந்தார், கடைசியில் தன் சாக்ஸையே மோந்தார். சாக்ஸில்கூட ஒன்றும் இல்லை என்றதும் மூக்கு டாக்டரிடம் ஓடினார்.

"திரும்பி வரலாம். வராமலும் போகலாம்" என்றார் மூக்கு டாக்டர். ஐந்து வருடம் படித்து அதற்கு மேல் ஏழு வருடம் படித்துச் சொன்ன பதில் அது.

களப்பணிக்குத் தகுதி இழந்தவர்களைப் பழைய கோப்பு அறைக்கு அனுப்புவது அலுவலக வழக்கம். அது கட்டடத்தின் அடித்தளத்தில் இருந்தது, ஜன்னல் கிடையாது. கண் மங்கிப்போன ஓர் ஆய்வாளரைப் போன வருடம் அங்கே அனுப்பினார்கள். டீ கொண்டுபோன பியூன் அவரை அலமாரி என்று நினைத்து மடியில் நாலு கோப்பைச் செருகிவிட்டு வந்துவிட்டதாகப் பேச்சு. மூக்கு சாருக்கு இருட்டென்றால் பயம். பூட்டிய அறை என்றால் அதைவிடப் பயம். ஆகவே அவர் வாயைத் திறக்கவில்லை.

ஆச்சரியம் என்னவென்றால், மூக்கு போன பிறகும் வேலை ஓடியது. வழக்கம்போல மூன்று மூச்சு இழுப்பார். கண்ணைத் திறந்து முதலாளியைப் பேசாமல் பார்ப்பார். அது பீதியில் உறைந்த பார்வை. முதலாளிக்கு அது எப்படித் தெரியும்? "சார், அது நேத்து மாவுதான் சார். இப்பவே கொட்டிடறேன்" என்று அவராகவே ஒப்புக்கொள்வார். ஒப்புக்கொள்ளாதவர்களிடம் தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்தார், தேதிகளைப் பூதக்கண்ணாடியால் படித்தார். சந்தேகமானதை டப்பாவில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோனார்.

"ஊர்ல கெட்டுப்போனதெல்லாம் என் மூக்குக்குக் கீழதான் வந்து நிக்கணுமா?" என்பார் மனைவி, டப்பாவைத் திறந்து முகத்தைச் சுளித்தபடி. "இது புளிச்சுப்போச்சு. இது பரவாயில்ல. இது என்னன்னே தெரியல, வெளிய வெச்சிட்டுக் கையக் கழுவுங்க."

புகை விஷயத்தில் மனைவியைக் கூட்டிக்கொண்டு போக முடியாது. அதற்கு அவர் ஒரு கருவியைத் தேடிப்பிடித்தார். கார்பன் மோனாக்சைடு என்று ஒரு வாயு இருக்கிறது. நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது, ஆளைத் தூங்கவைத்தே கொன்றுவிடும். அந்த வாயு அளவு மீறினால் அலறுகிற, தீப்பெட்டி அளவுக் கருவிகள் பன்னிரண்டு ஸ்டோர் ரூம் பெட்டியில் பிரிக்கப்படாமல் கிடந்தன. அந்தப் பிரிவின் அதிகாரி மேடத்துக்குக் கருவி என்றாலே பிடிக்காது. "மூக்கு இருக்கறவங்களுக்கு எதுக்கு மெஷின்?" என்று பெட்டியைப் பூட்டச் சொல்லியிருந்தார். மூக்கு சார் ஸ்டோர் ரூம் ஆளிடம் ரகசியமாக ஒன்றுக்குக் கையெழுத்துப் போட்டு வாங்கி, சட்டைப் பையில் கைக்குட்டைக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார். திருட்டுத்தனமாக சிகரெட் வைத்திருக்கும் பள்ளிக்கூடத்துப் பையனைப் போல அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொள்வார்.

இப்படிப்பட்ட காலத்தில்தான் பேக்கரி விவகாரம் வந்தது.

தெருமுனையில் விறகு அடுப்பு வைத்த பழைய பேக்கரி. முதலாளியும், அவர் மனைவியின் தம்பியும், நாலு வேலையாட்களும். மாடியில் ஒரு தையல்கார அம்மா வாடகைக்கு இருந்தார். முதல் தடவை மூக்கு சார் போனபோது பன் தட்டின் மேல் ஈக்கள் பொதுக்கூட்டம் நடத்திக்கொண்டிருந்தன. உணவுப் பாதுகாப்புக்கான பச்சை நோட்டீஸ் புத்தகத்திலிருந்து ஒரு தாளைக் கிழித்தார். அச்சடித்த வாசகம்: 'ஈக்கள் நுழையக்கூடிய அனைத்து வழிகளையும் ஏழு நாட்களுக்குள் அடைக்க வேண்டும்.'

இரண்டு வாரம் கழித்துத் தையல்கார அம்மாவின் புகார் வந்தது. வெள்ளைத் துணியெல்லாம் கரிப்பொட்டு. காற்று மாசுக்கான ரோஸ் நிற நோட்டீஸ் புத்தகம் வேறு. அதில் அச்சடித்த வாசகம்: 'புகைபோக்கி வழியாகப் புகை வெளியேறுவதை ஏழு நாட்களுக்குள் நிறுத்த வேண்டும்.' பழைய மூக்காக இருந்திருந்தால் தெருவில் நின்றே, பெயின்ட் அடித்த பெட்டிப்பலகையை எரிக்கிறார்கள், அதுதான் இந்தக் கரி, என்று கண்டுபிடித்திருப்பார். காய்ந்த விறகு போடு, புகைபோக்கியை உயர்த்து என்று சொல்லியிருப்பார். இப்போது மூக்கு இல்லாததால் அச்சகத்தை நம்பினார். தாளைக் கிழித்துக் கொடுத்துவிட்டு வந்தார்.

தையல்கார அம்மா அத்தோடு விடவில்லை. தலைமை அலுவலகத்துக்கே எழுதிவிட்டார். ஆகவே மறு ஆய்வுக்கு அதிகாரி மேடமே நேரில் வருவதாக ஏற்பாடு.

அன்று காலை மூக்கு சாருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

"சொல்லிடுங்களேன்" என்றார் மனைவி.

"என்னத்த சொல்றது? மேடம், என் மூக்கு சும்மா கண்ணாடி மாட்டறதுக்கு மட்டும்தான்னா?"

"அதுதான உண்மை."

"உண்மைக்கு அடித்தளத்துல ஒரு நாற்காலி காலியா இருக்கு. தெரியுமா?"

மனைவி அவர் சட்டைப் பையைத் தட்டிப் பார்த்தார். கைக்குட்டை இருந்தது. அதன் பின்னால் இருந்ததும் இருந்தது.

ஜீப்பில் மேடம் நல்ல மனநிலையில் இருந்தார். "உங்க மூக்கை நேர்ல பார்த்து ரொம்ப நாளாச்சு சார். இன்னைக்குப் பக்கத்துல நின்னு பார்க்கணும்" என்றார். மூக்கு சார் சிரித்தார். அவருடைய இடது கண் மட்டும் தனியாகத் துடித்தது.

பேக்கரி வாசலில் முதலாளி வெள்ளைத் தொப்பி போட்டுக்கொண்டு, புது மாப்பிள்ளை மாதிரி நின்றிருந்தார். முகம் கொஞ்சம் சிவந்திருந்தது. அடுப்படி வேலை, அதனால்தான் என்று மூக்கு சார் நினைத்தார்.

விதிப்படி எல்லோரும் மௌனமானார்கள். மேடம் முதலில் மோந்தார். "அருமையான ரொட்டி வாசனை. வேற எதுவுமே இல்ல" என்றார். பிறகு இவரைப் பார்த்தார்.

மூக்கு சார் கண்ணை மூடினார். ஒரு மூச்சு. இரண்டு மூச்சு. மூன்று மூச்சு. வெள்ளைக் காகிதத்தை மோந்தது போல இருந்தது. முதுகில் வியர்வை கோடு போட்டு இறங்கியது.

"ரொட்டி" என்றார்.

"அது எனக்கே தெரியுதே. வேற?"

"வெண்ணெய்" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

முதலாளி திடுக்கிட்டார். "வெண்ணெயா? எங்க பேக்கரில வெண்ணெயே கிடையாதே சார்."

மூக்கு சாருக்குக் காதில் ரயில் ஓடியது. அடித்தளத்துப் படிக்கட்டு கண்முன்னே தெரிந்தது. அப்போது முதலாளியின் மச்சான் தலையைக் குனிந்துகொண்டே முன்னால் வந்தான்.

"நான்தான் மாமா. காலைல என் ரொட்டிக்கு மட்டும் கொஞ்சம் தடவிக்கிட்டேன். டப்பா சட்டைக்குள்ள இருக்கு."

"அடப்பாவி. அக்கா கிட்ட சொல்றேன் இரு."

மேடம் மூக்கு சாரைத் தெய்வத்தைப் பார்ப்பது போலப் பார்த்தார். மூக்கு சார் முதல் கட்டத்தை நிரப்பினார்.

உள்ளே போனார்கள். முதலாளி கதவைச் சாத்தி, இடுக்கில் துணியைச் செருகினார். "ஈ வந்துடும் மேடம்" என்றார். பிறகு பெருமையோடு சுற்றிக் காட்டினார். எல்லா ஜன்னல்களிலும் கெட்டியான பிளாஸ்டிக் தாள், ஓரங்களில் பழுப்பு டேப். காற்றாடித் துவாரத்திலும் டேப். சுவரில் பச்சை நோட்டீஸும் ரோஸ் நோட்டீஸும் பள்ளிக்கூடச் சான்றிதழ் போலப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டியிருந்தன.

"சார் எழுதினதை எழுத்துக்கு எழுத்து செஞ்சிருக்கோம். ஒரு ஈ உள்ள வராது. ஒரு பொட்டுப் புகை வெளிய போகாது. புகைபோக்கி மேல தகரம் போட்டு, சுத்தி மண்ணு பூசிட்டோம். விறகே இல்ல மேடம், கரிதான். கரியில புகையே வராது."

"பார்த்தீங்களா, சொன்னா செய்யறாங்க" என்றார் மேடம். "காத்து எவ்வளவு சுத்தமா இருக்கு."

அந்த நேரத்தில் மூக்கு சாரின் நெஞ்சு அலறியது.

உண்மையாகவே அலறியது. கைக்குட்டைக்குப் பின்னாலிருந்து கீச்சென்று ஒரு சத்தம். அவர் பதறிப்போய்ப் பைக்குள் கையை விட்டுப் பொத்தானை அமுக்கினார். சத்தம் நின்றது.

"போனா?" என்றார் மேடம்.

"ஆமா மேடம். வீட்லேர்ந்து."

கெட்டுப்போன கருவி, இவ்வளவு நாள் பெட்டியில் கிடந்தது அல்லவா, என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். கருவியை வெளியே எடுத்தால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்று கேட்டால் மூக்கு. மூக்கு என்றால் அடித்தளம். பை மறுபடியும் கீச்சிட்டது. மறுபடியும் கட்டைவிரலால் அமுக்கினார்.

மச்சான் மாவு மூட்டையின் மேல் பொத்தென்று உட்கார்ந்தான்.

"வெண்ணெய் தின்ன மயக்கமா?" என்றார் முதலாளி.

"தலை வெடிக்குது மாமா. காலைலேர்ந்து. எல்லாருக்கும்தான். நீங்கதான் ஆய்வு முடியற வரைக்கும் பேசாதன்னு சொன்னீங்க."

நாலு வேலையாட்களும் தலையாட்டினார்கள். ஒருவன் சுவரைப் பிடித்துக்கொண்டிருந்தான். மூக்கு சார் அவர்கள் முகத்தைப் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்தார். பச்சை நோட்டீஸ், பக்கத்திலேயே ரோஸ் நோட்டீஸ். அவருடைய அலுவலகத் தோள்பையில் இந்த இரண்டு புத்தகங்களும் தனித்தனி அறையில் இருக்கும். இரண்டையும் ஒன்றாக வைத்து அவர் படித்ததே இல்லை. இப்போது படித்தார். வருகிற வழியை அடை. போகிற வழியை அடை. நடுவில் அடுப்பு. கீழே அவருடைய கையெழுத்து, இரண்டு தடவை.

அவர் வாழ்நாளில் பயந்ததெல்லாம் அந்த ஒரு நொடிக்கு ஒத்திகை போல ஆகிவிட்டது. கருவியை வெளியே எடுத்தார். முப்பத்தைந்தைத் தாண்டினாலே அலற வேண்டிய கருவி. திரையில் இருநூற்று நாற்பது.

"வெளிய போங்க. எல்லாரும். இப்பவே."

"சார், கடையை சீல் வெச்சிடாதீங்க சார். என்ன தப்பு பண்ணினோம்?"

"நான் பண்ணின தப்புய்யா. நடங்க."

"என்ன வாடை அடிக்குது சார்?" என்று மேடம் மூக்கைச் சுருக்கி இழுத்தார்.

"இழுக்காதீங்க மேடம். எனக்கு ஒரு வாடையும் அடிக்காது. எட்டு மாசமா மூக்கு வேலை செய்யல. இது சொல்லுது." கருவியை மேடத்தின் முகத்துக்கு நேரே நீட்டினார். "அடுப்புல விஷவாயு. ஆளைக் கொன்னுடும். கதவைத் திறங்க."

மச்சானை முதலாளி தோளில் போட்டுக்கொண்டார். எல்லோரும் தெருவில் வந்து விழுந்து இருமினார்கள். ஜீப் டிரைவர் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தார். மூக்கு சார் ஆட்களை எண்ணினார். முதலாளி, மச்சான், நாலு பேர். சரியாக இருந்தது. பிறகு அண்ணாந்து பார்த்தார். புகைபோக்கி மாடிச் சுவருக்குள்ளாகத்தான் மேலே போயிற்று. உச்சியில் தகரம். உள்ளே அடைபட்டது எந்த விரிசல் வழியாக எங்கே போயிருக்கும்?

"மேல அந்த அம்மா இருக்காங்களா?"

"இருப்பாங்க சார். மெஷின் சத்தம் கேக்குதே" என்றார் முதலாளி.

கேட்டது. ஆனால் விடாமல் கேட்டது. தைக்கிறவர்கள் நடுவில் நிறுத்துவார்கள், துணியைத் திருப்புவார்கள். இது நிற்கவே இல்லை.

மாடிக்கு வெளியே இரும்புப் படி. ஒவ்வொரு படிக்கும் நடுவில் தெரு தெரிந்தது. ஏணிக்கும் அதற்கும் பெயரில் மட்டும்தான் வித்தியாசம். மூக்கு சார் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்து, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு ஏறினார். படி ஆடியதா, அவர் ஆடினாரா என்பது கடைசிவரை தெரியவில்லை. கதவைத் தள்ளியதும் கையிலிருந்த கருவி இடைவிடாமல் கத்தியது. அறுநூறு.

தையல்கார அம்மா மெஷின் மேல் தலை சாய்த்துக் கிடந்தார். கால் மிதியை அழுத்தியபடியே இருந்தது. மோட்டார் ஓட, ஊசி துணியின் ஒரே இடத்தில் ஏறி இறங்கி, ஏறி இறங்கி, துணி கிழிந்து துளையாகியிருந்தது. ஊசிக்கு ஓர் அங்குலத்தில் அவர் விரல்.

மூக்கு சார் மூச்சை அடக்கிக்கொண்டு ஜன்னல் கதவை உடைக்காத குறையாகத் தள்ளினார். அக்குளில் கை கொடுத்துத் தூக்கப் பார்த்தார். முடியவில்லை. பின்னாலிருந்து இன்னொரு ஆள் கால் பக்கத்தைப் பிடித்தது தெரிந்தது. மேடம். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி வந்திருந்தார். எப்படி இறங்கினோம் என்று இருவருக்கும் பிறகு ஞாபகம் இல்லை.

தெருவில் கிடத்தி, முகத்தில் காற்றுப் பட்டுக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் அந்த அம்மா கண்ணைத் திறந்தார். வாந்தி எடுத்தார். பிறகு குழறிய குரலில், "யாரு என் மெஷினை நிறுத்தினது? பாதித் தையல்" என்றார். மூக்கு சார் தெரு ஓரத்தில் உட்கார்ந்து அழுதார்.

ஏழு பேருக்கும் ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் வைத்தார்கள். இரண்டு நாளில் வீடு திரும்பினார்கள்.

அதற்குள் ஊரில் வேறு கதை கிளம்பிவிட்டது. வாசனையே இல்லாத வாயுவை மூக்கு சார் வாசற்படியிலேயே மோந்துவிட்டாராம். சட்டைக்குள் இருந்த வெண்ணெயையே மோந்தவருக்கு இதெல்லாம் பெரிதா? மச்சான் ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்தபடியே சாட்சி சொன்னான்.

மூக்கு சாருக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. உள்ளதை உள்ளபடி எழுதினார். மூக்கு இல்லாததையும், இரண்டு நோட்டீஸையும், பொத்தானை இரண்டு முறை அமுக்கியதையும். மேடத்தின் மேசையில் வைத்துவிட்டு, கோப்பு அறைக்குக் கொண்டுபோக ஒரு டார்ச் லைட் வாங்கிவைத்தார்.

மேடம் அவரைக் கூப்பிட்டபோது கடிதம் மேசைக் கண்ணாடிக்கு அடியில் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது.

"தலைமை அலுவலகத்துலேர்ந்து பாராட்டு வந்திருக்கு. இந்த நேரத்துல உங்களுக்கு மூக்கே இல்லன்னு நான் எப்படி சார் எழுதுவேன்? எட்டு மாசமா நீங்க நிரப்பின முதல் கட்டத்துக்கெல்லாம் கீழ என் கையெழுத்து இருக்கு." அவர் குரலில் ஒரு பழக்கமான நடுக்கம் இருந்தது. மூக்கு சார் அதை உடனே அடையாளம் கண்டுகொண்டார்.

"அந்த ரெண்டு நோட்டீஸ், மேடம்?"

"எந்த நோட்டீஸ்?" என்றார் மேடம். பிறகு மேசை இழுப்பறையைத் திறந்து, ஸ்டோர் ரூம் சாவியை எடுத்து அவர் பக்கம் தள்ளினார். "மீதி பதினொண்ணையும் எல்லாருக்கும் கொடுத்துடுங்க. மூக்குக்குத் துணையா இருக்கட்டும்."

அடுத்த வாரம் மூக்கு சார் பேக்கரிக்குப் போனார். முதலாளி டேப் சுருளைக் கையில் வைத்துக்கொண்டே ஓடி வந்தார்.

"இந்தத் தடவை எதை சார் மூடணும்?"

மூக்கு சார் பச்சைப் புத்தகத்தையும் எடுக்கவில்லை, ரோஸ் புத்தகத்தையும் எடுக்கவில்லை. முன்பு அடுப்பில் என்னென்ன எரித்தார்கள் என்று கேட்டுக்கொண்டு, ஒரு வெள்ளைத் தாளில் கையாலேயே எழுதினார். தகரத்தை எடுக்கவும். புகைபோக்கியை மாடிக்கு மேல் இரண்டு ஆள் உயரம் ஏற்றவும். சுவர் விரிசலைப் பூசவும். ஜன்னலுக்குப் பிளாஸ்டிக் வேண்டாம், கம்பிவலை போதும். பெயின்ட் பலகை எரிக்கக் கூடாது. எழுதியதை மேலிருந்து கீழே ஒருமுறையும் கீழிருந்து மேலே ஒருமுறையும் படித்தார். பிறகு முதலாளியை விட்டு உரக்கப் படிக்கச் சொன்னார்.

அந்த மராமத்தெல்லாம் முடிந்த பிறகு ஒரு நாள் இரும்புப் படி ஏறிப் போனார். கருவியில் பூஜ்யம். ஜன்னல் திறந்திருந்தது.

"வாடை ஏதாவது வருதாம்மா?"

தையல்கார அம்மா ஊசியில் நூல் கோத்தபடி சிரித்தார். "உங்களுக்குத் தெரியாததா சார்?"

"தெரியாதும்மா. நிஜமாவே எனக்கு மூக்கு வேலை செய்யாது."

"சும்மா இருங்க சார். ஊருக்கே தெரியும்."

அவர் வெளியே வந்து படியின் மேல் நின்றார். கீழே தெரு சுற்றியது. ஏறியது ஏறியாகிவிட்டது, இறங்குவதுதான் பிரச்சினை.

"அம்மா" என்றார் திரும்பிப் பார்க்காமல். "இறங்கப் பயமா இருக்கு. கொஞ்சம் கையைப் பிடிக்கிறீங்களா?"

இதை மட்டும் அந்த அம்மா உடனே நம்பினார். நூலை வைத்துவிட்டு எழுந்து வந்தார்.